மொட்டை மாடிக்கு எரிவாயு கிரில் வாங்குவதா, கரி கிரில் வாங்குவதா?

வினா: வடவள்ளி மாடிவீட்டார்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் வடவள்ளிக்கு அருகே ஒரு தனி வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டு உரிமையாளர் அனுமதித்திருப்பதால், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது மாலையில் அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம் என்று எண்ணி, கிரில் அடுப்பு ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறேன். சாதாரணமாக நாங்கள் ஆறு பேர். அண்ணன் குடும்பம் வந்தால் பத்துப் பேர் ஆகிவிடுவோம். பெரும்பாலும் கோழியும் சங்கரா மீனும்தான் சுடுவோம். என் தாயார் சைவம் என்பதால் அவருக்குப் பனீர், கத்தரிக்காய், மக்காச்சோளம் ஆகியவற்றைத் தனியே சுட்டுத் தர வேண்டியிருக்கும்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, மூடியுடன் கூடிய இரண்டு பர்னர் எரிவாயு கிரில். மற்றொன்று, 57 செ.மீ. விட்டமுள்ள, உருண்டை மூடி போட்ட கரி கிரில். எரிவாயு கிரிலின் விலை கரி கிரிலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கிறது. கரியில் சுட்டால்தான் ருசி என்று நண்பர்கள் அனைவரும் சொல்வதால் அதற்கே மனம் சாய்ந்திருந்தது. ஆனால் சென்ற மாதம் அலுவலக நண்பர் ஒருவரிடம் கரி கிரிலை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தபோது நடந்ததை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. ஏழு மணிக்குக் கரியைப் பற்றவைக்கத் தொடங்கினேன். மண்ணெண்ணெய் நாற்றம் அடங்கித் தணல் பிடிக்கவே எட்டரை ஆகிவிட்டது. கோழி தட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அதற்குள் பிள்ளைகள் தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போயிருந்தார்கள். துண்டுகளின் மேற்புறம் கருகியிருந்தது, எலும்பை ஒட்டிய பகுதி வேகவே இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளெல்லாம் புகை நாற்றம் ஏறிவிட்டதாக மறுநாள் காலையில் புகாரும் வந்தது.

எரிவாயுவில் சுட்டால் ருசி உண்மையிலேயே குறையுமா, அல்லது அது பழகிப்போன நம்பிக்கைதானா? வீட்டுச் சமையலுக்கு வாங்கும் 14.2 கிலோ சிலிண்டர்களில் ஒன்றை மாடிக்கு எடுத்துச் சென்று பயன்படுத்தலாமா? இரண்டையும் கையாண்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: இரவுக்கடை

மதுரையில் பதினொரு ஆண்டுகளாகச் சிறிய உணவுக்கடை நடத்துகிறேன். சுழலும் கம்பியில் வேகும் முழுக்கோழிக்கு எரிவாயுவையும், கம்பியில் கோத்த துண்டுகளுக்குக் கரியையும் வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் இரண்டுக்குமே கரிதான். ஆறு மணிக்குக் கூட்டம் வரும் என்றால் நான்கரை மணியிலிருந்து தணலைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் தேவைப்பட்டார். அவர் விடுப்பு எடுத்த நாள்களில் கோழி வேகவில்லை. எங்கள் கடை எரிவாயுவுக்கு மாறியதற்கு ருசி காரணம் அன்று, ஆள்தான் காரணம். உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு மாலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போவது யார்?

ருசியைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். சுட்ட இறைச்சியின் மணத்தில் பெரும்பங்கு கரியிலிருந்து வருவதில்லை. கொழுப்பும் மசாலாச் சாறும் சொட்டி, கீழே உள்ள சூடான பரப்பில் பட்டுப் புகைந்து, அந்தப் புகை மேலே எழும்பி இறைச்சியின்மீது படிவதால்தான் அந்த மணம் உண்டாகிறது. நல்ல எரிவாயு கிரில்களில் பர்னருக்கு மேலே கூரை வடிவில் இரும்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். சொட்டும் கொழுப்பு அவற்றின்மீது பட்டுப் புகையும். ஆகவே தோலுடன் கூடிய கோழித் தொடையை இரண்டு அடுப்புகளிலும் சுட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால், பலரால் வேறுபாடு சொல்ல முடியாது.

ஆனால் மேல்தோல் முறுகுவதில் வேறுபாடு உண்டு. ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீர் ஆவியாக வெளிப்படுகிறது. கரியில் பெரும்பகுதி கார்பன்தான் என்பதால் அதன் அனல் வறண்டது. அதோடு, தணலின் வெப்பம் கதிர்வீச்சாக நேரே மேலே வந்து தாக்கும். அதனால்தான் கத்தரிக்காய் கொத்சுக்கு எரிவாயு அடுப்பில் சுட்ட காயும் கரியடுப்பில் சுட்ட காயும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எரிவாயுவில் சுட்டதன் தோல் நனைந்த காகிதம்போல் ஒட்டிக்கொண்டு வரும். தணலில் சுட்டதை விரலால் தட்டினாலே தோல் உதிரும். மீனுக்கும் பனீருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அவை தீயின்மேல் இருக்கும் நேரமே சில நிமிடங்கள்தான். அதற்குள் முறுக வேண்டும்.

சிலிண்டரைப் பொறுத்தவரை, நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ எடை இருக்கும். அதை மாதம் இருமுறை மாடிப்படியில் ஏற்றி இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையைப் பார்த்துத் தருகிற 5 கிலோ சிலிண்டர் ஒன்றை மாடிக்கென்றே வாங்கி வையுங்கள். இரண்டு பர்னர்களும் சேர்ந்து 6 கிலோவாட் அளவுக்கு எரிந்தால் மணிக்கு அரைக் கிலோ எரிவாயு செலவாகும். அதாவது ஒரு சிலிண்டர் பத்து மணி நேரம் வரும். அதற்குரிய ரெகுலேட்டரையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். என் மைத்துனர் இணையக் கடை ஒன்றில் வெளிநாட்டுத் தயாரிப்பான கிரில் ஒன்றை வாங்கினார். எவ்வளவு திருகினாலும் தீ நீலமாக ஒரு விரல் உயரத்துக்குமேல் எழும்பவில்லை. அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தபோது, அது 50 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்தது. நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார்தான். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீங்கள் வாங்குவதற்கு முன் அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எரிவாயு கிரிலைப் பற்றவைக்கும்போது மூடியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடிய மூடிக்குள் எரிவாயு சேர்ந்த பிறகு பொறி பட்டால் புருவம் கருகுவதோடு தப்பித்தால் அதிருஷ்டம். சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நம் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மாடியில் கசிந்தால் தரையோடு தேங்கும்.

ஆறு பேருக்கு, மாதம் இருமுறை, பிள்ளைகள் தூங்குவதற்கு முன்பாக என்றால், நான் எரிவாயுவையே வாங்குவேன்.

மறுமொழி: கரிமூட்டத்துக்காரர்

மேலே எழுதியவர் தொழில் தெரிந்தவர். அவர் சொன்னவற்றில் தவறில்லை. ஆயினும் நீங்கள் பட்ட பாட்டுக்கு அடுப்பின்மேல் பழி போட வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டம். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, காற்றுப் புகாமல் பல நாள் புகைய விட்டுக் கரியாக்கும் மூட்டம் எங்கள் ஊர்ப்பக்கம் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. என் தகப்பனாரும் அந்தத் தொழிலில்தான் இருந்தார். கரியை வாங்கும்போது அவர் ஒரு துண்டை இன்னொன்றோடு தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஓட்டுச்சில்லின் ஓசை வந்தால் நன்கு வெந்த கரி. மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் விறகு இருக்கிறது என்று பொருள். வேகாத கரிதான் புகையும். ஈரக் கரிதான் வெடித்துப் பொறி பறக்கும். பக்கத்து வீட்டுத் துணியில் ஏறியது பெரும்பாலும் மண்ணெண்ணெயும் வேகாத கரியும் சேர்ந்த புகையாகத்தான் இருக்கும். தணல் சாம்பல் பூத்துவிட்டால் கரியில் கண்ணுக்குத் தெரிகிற புகையே இராது.

கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்குக் கொட்டாங்குச்சிக் கரி கிடைப்பது எளிது. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் அது பெருந்தொழில். அது மிகுந்த சூடு தரும், புகை குறைவு. ஆனால் ஓடு மெல்லியது என்பதால் சீக்கிரம் எரிந்து தீரும். அதே கரியைத் தூளாக்கி, மரவள்ளி மாவுக் கஞ்சியால் பிணைத்து அழுத்திய கட்டிகளும் விற்கிறார்கள். அவை பற்றிக்கொள்ளத் தாமதமானாலும், ஒரே சீரான அனலை நெடுநேரம் தரும். நான் சீமைக் கருவேலக் கரியை அடியிலும் அந்தக் கட்டிகளை மேலேயும் போடுவேன்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பழைய ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றின் மேல்மூடியையும் அடித்தட்டையும் வெட்டியெடுத்து, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இரண்டு கம்பிகளைக் குறுக்காகச் செருகி, பக்கங்களில் ஆணியால் துளைகள் இட்டுவிடுங்கள். முதன்முறை வெறும் டின்னை எரித்து, மேலே அச்சிட்ட வண்ணம் முழுவதும் போகச் செய்ய வேண்டும். பிறகு டின்னில் கரியை நிரப்பிக் கிரில் கம்பிமேல் நிறுத்தி, அடியில் தேங்காய் நாரையும் இரண்டு கற்பூரத்தையும் வைத்துக் கொளுத்தினால், புகைபோக்கியைப்போல் அடியிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு, விசிறாமலேயே இருபது நிமிடத்தில் மேல்துண்டுவரை சிவந்துவிடும். டின்னைப் பிடிக்கத் தடித்த கையுறையும் நீண்ட இடுக்கியும் இருக்கட்டும்.

உங்கள் கோழி வெளியே கருகி உள்ளே வேகாததற்குக் காரணம், தணலை அடுப்பு முழுவதும் பரப்பியதும் மூடியைப் போடாததும்தான் என்று ஊகிக்கிறேன். தணல் முழுவதையும் ஒரு பாதியில் குவித்து, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். எலும்புள்ள துண்டுகளை வெறும் பாதியில் அடுக்கி மூடியை மூடினால், அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். அதன்பின் தணலுக்கு நேர்மேலே மூன்று நான்கு நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டினால் போதும். தயிரும் மிளகாய்த்தூளும் அப்பிய கோழியை எடுத்த எடுப்பில் நேர்த்தணலில் வைத்தால் மசாலாதான் முதலில் கருகும். அனலின் அளவை அறிய, தணலுக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் அது மீனுக்குரிய அனல். ஆறுவரை தாங்க முடிந்தால் கோழிக்குரியது. ஆனாலும் கோழிக்கு மட்டும் என் கையை நான் நம்புவதில்லை. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, தொடையின் தடித்த பகுதியில் 74 பாகை செல்சியஸ் காட்டிய பிறகே எடுக்கிறேன்.

மறுமொழி: பனிநாட்டுத் தமிழன்

டொராண்டோவில் இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு அடுப்புகளும் நிற்கின்றன. உண்மையைச் சொன்னால், பத்துத் தடவை சமைத்தால் எட்டுத் தடவை எரிவாயுதான். சனவரியில் பாதணி போட்டுக்கொண்டு வெளியே போய், கோழியை வைத்துவிட்டு உடனே உள்ளே வர அதுவே தோது. இங்கே சிலிண்டரில் வருவது புரோப்பேன். அது −42 பாகையில் கொதிக்கிறபடியால் கடுங்குளிரிலும் எரியும். இந்தியச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும், அதன் கொதிநிலை ஏறக்குறைய சுழியம். கோயம்புத்தூருக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்றாலும், ஊட்டியில் இருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் மார்கழி இரவில் தீ சோர்ந்துபோவதன் காரணம் விளங்கும்.

நீங்கள் பார்த்திருக்கும் உருண்டை மூடி அடுப்பு 1952இல் சிகாகோப் பக்கத்தில் பிறந்தது. ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் தாம் வேலை பார்த்த வெபர் உலோகப் பட்டறையில், கடல் மிதவைகளுக்காகச் செய்த இரும்பு அரைக்கோளங்களைக்கொண்டு அதை உருவாக்கினார். காற்றும் மழையும் சமையலைக் கெடுக்காதிருக்கவே அவர் அதற்கு மூடி போட்டார். மூடியிலும் அடியிலும் உள்ள காற்றுத் துவாரங்களே அதன் திருகு. அதைக் கூட்டிக் குறைத்துப் பழகினால் எரிவாயு அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே சொன்னபடி கேட்கும். சமைத்து முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடுங்கள். தணல் மூச்சடைத்து அணைந்து, மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும்.

சாம்பலில் மட்டும் கவனமாக இருங்கள். நான் இங்கே வந்த புதிதில், இரவு சுட்டுவிட்டு மறுநாள் காலையில் சாம்பலை அள்ளிப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். 'நீறு பூத்த நெருப்பு' என்று பள்ளிக்கூடத்தில் உவமையாகப் படித்தது, மத்தியானம் தொட்டியின் அடி உருகி ஒழுகியபோதுதான் பொருளோடு விளங்கியது. ஒரு முழு நாள் விட்டு, தண்ணீர் தெளித்து, தகர வாளியில் அள்ளுவதே இப்போது என் வழக்கம்.

மறுமொழி: ஏழாம் தளம்

சென்னை அடுக்கக வாசிகள் யாரேனும் இதைப் படித்துவிட்டுக் கரி கிரில் வாங்கப் போனால், முதலில் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள். எங்கள் கட்டடத்தில் பால்கனியில் எந்தத் தீக்கும் அனுமதியில்லை. நான் வாங்கிய எரிவாயு கிரில் இரண்டு ஆண்டுகளாகப் பரணில் இருக்கிறது. இன்னொன்று: மழை வந்துவிட்டது என்று மாடிப்படி முகப்பு அறைக்குள் கரி அடுப்பை யாரும் இழுத்துச் செல்லக்கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயங்கி விழும்வரை தெரியாது.

வினவியவர்: வடவள்ளி மாடிவீட்டார்

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. கரியில் சுட்ட இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று என் மனைவி கவலைப்படுகிறார். எரிவாயுவில் அந்தக் கவலை இல்லையா?

மறுமொழி: இரவுக்கடை

கவலைக்குரியவை இரண்டு வகைச் சேர்மங்கள். கொழுப்பு நெருப்பில் சொட்டி எழும் புகையில் ஒரு வகையும், இறைச்சி மிகுந்த சூட்டில் கருகும்போது அதன் மேற்பரப்பில் இன்னொரு வகையும் உண்டாகின்றன. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினாலோ இறைச்சி கருகினாலோ, எரிவாயு அடுப்பிலும் அவை உண்டாகும். தீ கட்டுக்குள் இருப்பதால் அங்கே குறைத்துக்கொள்வது எளிது, அவ்வளவுதான். கரிமூட்டத்துக்காரர் சொன்னபடி தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் வேகவைத்தால் கொழுப்பு தணலில் விழுவதே பெரும்பாலும் நின்றுவிடும். கருகிய முனைகளைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். இறைச்சியை எலுமிச்சை, பூண்டு, மஞ்சள் சேர்த்து ஊறவைப்பதும் இரண்டாவது வகையைக் குறைக்கிறது. அதை நம் வீடுகளில் யாரும் சொல்லாமலே செய்கிறோம்.

எரிவாயுவை வாங்குங்கள் என்று எழுதியவன் நான்தான்; ஆனாலும் டின் வைத்துப் பற்றவைக்கும் முறையைப் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. இரவல் அடுப்பு இன்னும் உங்களிடம் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் மறுபடியும் ஒரு ஞாயிறு சுட்டுப் பாருங்கள். பற்றவைத்ததிலிருந்து முதல் தட்டுவரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் எரிவாயுதான்.

வினவியவர்: வடவள்ளி மாடிவீட்டார்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று சுட்டுப் பார்த்தோம். எண்ணெய் டின்னில் கரியை நிரப்பி 6.40க்குக் கற்பூரம் வைத்தேன். 7.05க்கு மேல்துண்டுகள் சாம்பல் பூத்துவிட்டன. கோழித் தொடைகளை வெறும் பாதியில் அடுக்கி மூடியை மூடிவிட்டு, தணல் பக்கத்தில் வாழையிலை விரித்து மீனை வைத்தேன். 7.25க்கு மீன், 7.45க்குக் கோழி, வெப்பமானி 78 காட்டியது. பிள்ளைகள் விழித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையிலேயே சொல்லித் துணிகளை எடுத்துவிடக் கேட்டுக்கொண்டேன். இரவில் இரண்டு மீன் துண்டுகளையும் கொடுத்தனுப்பினேன். ஒன்றேகால் கிலோ கரி செலவானது. ஆகவே கரி கிரிலையே வாங்கப் போகிறேன். மிச்சமாகும் பணத்தில் வெப்பமானியும் கையுறையும் வந்துவிடும்.

தாயாருக்குத் தனிக் கம்பி வாங்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரே பரணிலிருந்து தம் மாமியார் காலத்துக் கும்முட்டி அடுப்பை இறக்கி வரச் சொன்னார். டின்னில் இருந்த தணலில் ஒரு கை அள்ளி அதில் போட்டுக்கொண்டு, மாடியின் மறுகோடியில் மணை போட்டு உட்கார்ந்து கத்தரிக்காயைச் சுட்டார். தணல் குறைந்ததும் நான்கு அப்பளங்களையும் சுட்டார். கோழி தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துபோய் அதில் இரண்டை வாங்கித் தின்றார்கள். அந்தக் கும்முட்டியின் வாய்ப்பக்க மண் விண்டிருக்கிறது. களிமண்ணோடு எதைச் சேர்த்துப் பூசினால் நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: கரிமூட்டத்துக்காரர்

புற்றுமண் கிடைத்தால் அதைச் சலித்து, சாம்பலும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் கலந்து பிசைந்து ஒரு நாள் புளிக்க விடுங்கள். விண்ட இடத்தை ஈரப்படுத்திவிட்டுப் பூச வேண்டும். நிழலில் மூன்று நாள் உலர்ந்த பிறகு முதல் தடவை குறைந்த தணலே போடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் கரியையும் வெயிலில் காயவைத்து மூடி போட்ட டிரம்மில் எடுத்து வைத்துவிடுங்கள். சாக்கோடு மாடியில் கிடந்தால் மறுபடியும் வெடிக்கும்.